ஏரிக்கரையில் குதிரை

ஆடிப் பெருக்கு வந்தால் சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்கள் கட்டுச்சோற்று மூட்டையுடன் மேட்டூர் அணைப் பூங்காவில் வந்து நிறைந்துவிடுவதை நேயர்கள் அறிவார்கள். அதே ஆடி மாதத்தில், காவிரிக்கு மேற்கே அந்தியூரில், குருநாதசுவாமி கோவில் திருவிழாவை ஒட்டிக் குதிரைச் சந்தை கூடுகிறது. கத்தியவார், மார்வார் என்று தூரதேசத்து ஜாதிக் குதிரைகளெல்லாம் அங்கே வந்து நிற்கின்றன. கொண்டு வந்தவர்களும் அவற்றோடு மைதானத்திலேயே தங்குகிறார்கள்.

குதிரையேறிச் சென்று கூடாரமடித்துத் தங்குவது மேல்நாட்டாரின் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் அந்தச் சந்தையை ஒரு முறை பார்க்க வேண்டும். சரித்திரத்தையும் சற்றுப் புரட்டலாம். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கும்பெனியார் கைக்கு வந்தன. அதுமுதல் 1799 வரையில் காப்டன் அலெக்ஸாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் இந்தப் பிரதேசத்தில் நிலம் அளந்து தீர்வை விதித்தார்கள். கூடாரமும் குதிரையுந்தான் மன்றோவின் கச்சேரி. கிராமம் கிராமமாகப் போய்க் குடியானவனிடமே பேசினார். வந்தது வரி வசூலிக்கத்தான்; அதை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆயினும் அறைக்குள் அமர்ந்து ஆண்டவர்களைக் காட்டிலும் நாட்டை அவர் அதிகம் கண்டார் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சென்னையில் அவருடைய சிலை, சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரையின்மேல் வீற்றிருக்கிறது. சிற்பி மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று பட்டணவாசிகள் இன்னமும் வம்பளக்கிறார்கள்!

அன்னியர் வரிக்காகச் சுற்றிய நாட்டை நாம் ஆசைக்காகச் சுற்றலாகாதா? மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரை, பூங்காவோடு திரும்பிவிடுகிறவர்கள் காணாத இடம். 1934-ல் அணை முடிந்தபின் மூழ்கிய ஊர்களின் பழைய நந்தியும், மாதா கோவில் கோபுரமும், நீர்மட்டம் வெகுவாகத் தாழும் காலங்களில் பண்ணவாடிப் பக்கம் தலைகாட்டுகின்றன. உரிய அனுமதி பெற்று, கரையோரத் தடத்தில் குதிரையை மெல்ல நடத்திச் சென்று, மாலையில் மரத்தடியில் இறங்கித் தங்குவது எத்தனை இன்பமான யாத்திரை! ஈர வண்டலில் மட்டும் இறங்கலாகாது, குளம்பு புதையும்.

தங்குவதற்கு ஏரிக்கரையைத் தேடுவது அழகுக்காக மட்டுமல்ல. ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் தண்ணீர் குடிக்கும். வெயிலில் அதற்கு மேலும் கேட்கும். குடிக்கக் காட்டியபின் தண்ணீரை விட்டு விலக்கியே கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சாணமும் சிறுநீரும் ஏரியில் கலக்கும். மரத்தோடு சேர்த்துக் கட்டினால் பட்டையை உரித்துவிடும். இரண்டு மரங்களுக்கிடையே தலைக்கு மேல் உயரமாகக் கயிறு இழுத்து, அதில் கட்டுவதே உத்தமம்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று, நம்மவரில் பெரும்பாலோர் கோடையில் கொடைக்கானலுக்குப் போய், ஏரியைச் சுற்றி வாடகைக் குதிரையில் ஏறுவதோடு திருப்தியடைகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஏறுகிறவர் எடையை யாராவது கேட்கிறார்களா? சுமை மிருகங்களுக்கென்று மத்திய சர்க்கார் 1965-ல் விதிகள் வகுத்தது. அவற்றின்படி மட்டக்குதிரை தூக்கக்கூடிய பாரம் 70 கிலோ. வெப்பம் 37 டிகிரிக்கு மேற்படும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரையில் வேலை வாங்கலாகாது. நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. கல்யாணச் சாப்பாட்டில் வளர்ந்த நமது கனவான்களில் எத்தனை பேர் அந்த 70-க்குள் அடங்குவார்கள்? மலைமேலாவது குளிர்ச்சி உண்டு. சேலத்துச் சித்திரை வெயிலிலோ, அந்த மூன்று மணி நேரத் தடை குதிரைக்கு உயிர்ப் பிச்சை.

குதிரைக்காரனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாலு பேர் ஏறினால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும். பருவம் போனபின் வாடகையில்லாவிட்டாலும் குதிரைக்குக் கொள்ளு வேண்டும். ஆகவே பார்க்க வேண்டியவர்கள் காசு கொடுக்கும் நாம்தான். கூலி பேசுமுன் சேணத்தைத் தூக்கச் சொல்லி முதுகைப் பாருங்கள்; வயிற்று வார் உராயும் இடத்தையும் பாருங்கள். புண் இருந்தால் அன்றைக் கொள்ளுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, குழந்தைகளைக் கையைப் பிடித்து நடத்தியே அழைத்துச் செல்லுங்கள். கொடைக்கானல் ஏரியின் சுற்று சுமார் 5 கிலோமீட்டர்தான்.