தெர்மாகோலை வெட்டும் சூடு

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் எரிமலையையும் சூரியக் குடும்பத்தையும் தெர்மாகோலில் செய்து வைக்கிறார்கள். அந்தத் தெர்மாகோலை வெட்டும் கருவியையே மாணவர்கள் செய்து காட்டினால் எவ்வளவோ மேல் என்பேன். வேண்டியது ஒரு சாண் நிக்ரோம் கம்பி, இரண்டு பென்சில் பேட்டரி, ஒரு சுவிட்ச். கம்பியின் மின்தடை 2 ஓம் என்றால் 3 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர் ஓடும்; நாலரை வாட் வெப்பம். (பேட்டரியின் உள்மின்தடை அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும்; கணக்கும் நிஜமும் இடிக்கிற அந்த இடத்தில்தான் பாடமே இருக்கிறது.) தெர்மாகோல் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கிவிடுவதால் மெல்லிய கம்பிக்கு இது போதும். செம்புக் கம்பி ஏன் உதவாது? அதன் மின்தடை மிகக் குறைவு. கம்பிக்கு முன்னே பேட்டரி சுட்டுவிடும். அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்ற இந்த நிக்கல்-குரோமியம் கலவையோ, சூடேறியதும் மேலே ஓர் ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும், எளிதில் கருகாது. ஒரே ஒரு கண்டிப்பு: பழைய செல்போனிலிருந்து பிடுங்கிய லித்தியம் பேட்டரியை இதில் மாட்டவே கூடாது, ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். ஜன்னலையும் திறந்து வையுங்கள். தெர்மாகோல் புகை நெஞ்சுக்கு ஆகாது.