பைக் ஹெட்லைட்டில் எல்இடி பல்பு மாட்டலாமா?

பௌர்ணமி இரவுகளில் திருவண்ணாமலையில் பலர் சாலையில் நடந்தே கிரிவலம் வருகிறார்கள். அங்கே பைக் ஹெட்லைட் வெறும் ஸ்டைல் விஷயம் இல்லை.

என்ன சிக்கல்?
ஹாலஜன் பல்பின் இழை எங்கே இருக்கிறதோ, அதைக் கணக்கிட்டே ரிஃப்ளெக்டர் வடிவமைக்கப்படுகிறது. அதே கூட்டில் எல்இடி பல்பை மாட்டினால் ஒளி சிதறும். எதிரே வருபவருக்குக் கண் கூசும். ஓரமாக நடப்பவர் அவர் கண்ணில் படமாட்டார்.

சட்டம்?
மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றத் தடை விதிக்கிறது. 2019 திருத்தத்தின்படி ஒரு மாற்றத்துக்கு ரூ.5,000 அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

அப்போ வெளிச்சம் பத்தலைன்னா?
மங்கிய கண்ணாடியைத் துடைங்க. அதே வாட்டில் புது ஹாலஜன் பல்பு போடுங்க. விளக்கின் கோணத்தை மெக்கானிக்கிடம் சரிபாருங்க. எதிரே வண்டி வந்தால் 'டிப்' அடிங்க.