அடுத்த முறை உங்கள் பிரஷ்ஷையும் கொண்டு வாருங்கள்

"நாள்தோறும் இருமுறை பல் துலக்குங்கள்" என்று கூறிவிட்டால் எங்கள் கடமை முடிந்தது எனப் பல் மருத்துவர்களாகிய நாங்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஈறு வீங்கி மீண்டும் வருபவரிடம், "சரியாகத் துலக்குவதில்லையா?" என்று கடிந்துகொண்டதும் உண்டு. அவர் ஒருநாளும் துலக்காமல் இருந்ததில்லை. துலக்கும் முறையை எவரும் அவருக்குச் செய்து காட்டியதில்லை. இக்குறையில் பெரும்பங்கு எங்களுடையதே.

ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தால், பலர் அஞ்சி அவ்விடத்தைத் தொடாமல் விட்டுவிடுகின்றனர். அங்கே கிருமிப் படலம் சேர்ந்து அழற்சி மிகுகிறது, கசிவும் கூடுகிறது. படலம் இறுகிக் காரையானபின் பிரஷ்ஷால் அதை அகற்ற இயலாது. அழற்சி பரவிப் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டால், அது தானாக மீண்டும் வளர்வதில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்நோய் விரைந்து முற்றுவதுடன், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதையும் கடினமாக்குகிறது. ஆகவே, கசியும் இடத்தை மென்மையாக, ஆயினும் விடாமல் துலக்க வேண்டும். இரு வாரங்களில் கசிவு நிற்காவிடில் மருத்துவரைக் காண வேண்டும்.

மென்மையான இழைகள் கொண்ட பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேருமிடத்தில் ஏறத்தாழ 45 பாகை சாய்த்து, அழுத்தாமல், சிறுசிறு அசைவுகளாக 2 நிமிடம் துலக்குதல் நன்று. பிரஷ் நுழையாத பல் இடுக்குகளுக்கு ஃபிளாஸ் நூல் தேவை. சுமார் 45 செ.மீ. நூலை இரு நடுவிரல்களிலும் சுற்றி, பல்லின் பக்கத்தை அணைத்தவாறு மேலும் கீழும் மெல்ல இழுக்க வேண்டும். இடுக்கு அகன்றிருந்தால் அதற்கென உள்ள சிறு பிரஷ் ஏற்றது.

இவற்றைப் படித்து மட்டும் கற்க இயலாது. கையில் கண்ணாடியைப் பிடித்து நீங்கள் துலக்க, நாங்கள் அருகிருந்து திருத்துவதே உண்மையான கற்பித்தல் என்பது எங்கள் கருத்து. புறநோயாளர் பிரிவின் நெரிசலில் இதற்கு நேரமேது எனச் சிலர் வினவலாம். கற்பிக்கும் ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்திவிட்டுப் பின்னர்ப் பல்லைப் பிடுங்க அரைமணி நேரம் செலவிடுவது சிக்கனமாகாது.

எனவே, அடுத்த முறை வருகையில் உங்கள் பிரஷ்ஷைக் கொண்டு வாருங்கள். பக்கவாதத்தாலோ முதுமையாலோ கை தளர்ந்தவரைப் பேணுபவர்களும் உடன் வாருங்கள். பிறருக்குத் துலக்கிவிடும் முறையும் கற்க வேண்டியதே. "செய்து காட்டுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை. காட்ட வேண்டியது எங்கள் கடமை.