உளைவோடு உடற்பயிற்சியா, ஓய்வா?



எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றை இம்முறை எடுத்துக்கொண்டோம். ‘சீனி கூடியிருக்கிறது, உடற்பயிற்சி செய்யுங்கள்’ என்று டொக்டர் சொல்லி அனுப்புகிறார். ஒருநாள் செய்தால் அடுத்தநாள் கைகால் எல்லாம் உளைகிறது. “அண்ணை, இருந்தால் எழும்பேலாமக் கிடக்கு. இண்டைக்கும் செய்யிறதோ, விடுறதோ?” என்று ஒரு தம்பி கேட்டார். உடனே மேசையில் இரண்டு கட்சி. ‘நோவைப் பார்த்தால் ஒன்றும் நடவாது, செய்’ என்றது ஒன்று. ‘நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிறவனுக்கு என்ன உடற்பயிற்சி, போய்ப் படு’ என்றது மற்றது.

இரண்டு கட்சியும் முழுச்சரி இல்லை என்பதே எங்கள் கருத்து. செய்வதா விடுவதா என்று முடிவெடுக்க முதல், வந்திருப்பது உளைவா காயமா என்று பிரித்தறிய வேண்டும். இந்த நாட்டில் எங்களுக்குக் காணி இல்லை, கடை இல்லை. ஏஜென்சிக் கடன், வீட்டு வாடகை, ஊரில் இருக்கும் அம்மா அப்பாவின் மருந்துச் செலவு எல்லாம் இந்த உடம்பை நம்பித்தான் இருக்கின்றன. சுவர் இருந்தால்தான் சித்திரம்.

முதலில் உளைவு என்றால் என்ன? பழக்கமில்லாத வேலையைச் செய்யும்போது தசை இழைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சேதங்கள் உண்டாகின்றன. உடம்பு அவற்றைத் திருத்தும் நாட்களில் அந்த இடம் இறுகி, தொட்டால் நோகிறது. 1902ஆம் ஆண்டிலேயே தியடோர் ஹஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ‘லக்ரிக் அமிலம் தேங்கி நிற்கிறது’ என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. களைத்த தசையில் சேருவது ஒரு மணித்தியாலமளவில் வடிந்துவிடும். உளைவோ பன்னிரண்டு மணித்தியாலம் முதல் ஒருநாள் கழித்துத்தான் தலைகாட்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்கு வந்து, ஒரு கிழமைக்குள் தானாகப் போய்விடும்.

இன்னொரு விடயம். பாரத்தைத் தூக்குவதைவிட மெல்ல இறக்குவதும், படி ஏறுவதைவிட இறங்குவதும் கூடுதலாக உளையச் செய்யும். அப்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதுதான் காரணம்.

ஊரில் தோட்டம் கொத்தின நாட்களை நினைத்துப் பாருங்கள். முதல்நாள் கொத்தினவருக்கு அடுத்தநாள் மண்வெட்டியைப் பிடிக்கவே முடியாது. இரண்டு கிழமை போனால் அதே மனிதர் கதை சொல்லிச் சொல்லிக் கொத்துவார். தசை ஒருமுறை பட்டதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அடுத்தமுறை அதே வேலைக்கு அவ்வளவு உளைவதில்லை. ஆகவே முதல் கிழமை உளைவைக் கண்டு ‘இது எங்களுக்குச் சரிவராது’ என்று கைவிடுகிறவர், கடினமான பகுதியைத் தாண்டிய பிறகு கைவிடுகிறார்.

இனி முடிவெடுப்பதற்கு வருவோம். மூன்று கேள்விகள் போதும்.

எப்போது தொடங்கியது? அடுத்தநாள் மெல்ல மெல்ல வந்தால் பெரும்பாலும் உளைவு. செய்துகொண்டிருக்கும்போதே ‘படக்’ என்று பிடித்தால் அது காயம்.

எங்கே நோகிறது? தொடை, கெண்டைக்கால், புயம் என்று சதைப்பிடிப்பான இடத்தில், இரண்டு பக்கமும் பரவலாக இருந்தால் உளைவு. மூட்டுக்குள், ஒரு பக்கத்தில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் குத்தினால் அதைக் காயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அசைத்தால் என்ன ஆகிறது? பத்து நிமிடம் மெதுவாக நடந்து பாருங்கள். உடம்பு சூடாக உளைவு இளகினால் தொடர்ந்து நடக்கலாம். நடக்க நடக்க நோவு கூடினால் திரும்பி வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

உளைவுதான் என்று தெரிந்தால் முழு ஓய்வு தேவையில்லை. இலேசான நடை நோவைத் தற்காலிகமாகக் குறைக்கும். ஆனால் உளைகிற அதே தசைக்கு இரண்டு நாளைக்குக் கடும்வேலை கொடுக்காதீர்கள். தொடை உளைந்தால் அன்றைக்குக் கைக்குரிய பயிற்சி, கை உளைந்தால் நடை. கையை முழுதாக நீட்டவோ, காலை முழுதாக மடிக்கவோ முடியாத அளவுக்கு இறுகியிருந்தால் பாரம் தூக்கும் பயிற்சியே வேண்டாம். உளையும் தசைக்குப் பலமும் குறைவு, கட்டுப்பாடும் குறைவு.

இந்தக் கடைசி வரியைத் தொழிற்சாலையில் நிற்பவர்கள் இருமுறை வாசிக்க வேண்டும். பயிற்சியை நாளைக்கு என்று ஒத்திவைக்கலாம். வேலையை ஒத்திவைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் புதுப் பயிற்சி தொடங்கினால் உளைவின் உச்சம் திங்கள், செவ்வாயில் வரும். அப்போது கை நடுங்க நடுங்க மெஷின் முன்னால் நிற்க வேண்டும். ஆகவே புதிதாக ஒன்றைத் தொடங்குவதென்றால், பாரத்தைக் கூட்டுவதென்றால், லீவு நாட்களுக்கு முதல்நாள் செய்யுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை என்றால் வெள்ளி பின்னேரம். சிப்ட் மாறுகிறவர்கள் தங்கள் லீவைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

‘எங்கள் வேலையே உடற்பயிற்சிதானே’ என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர் ஒருவர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மூச்சுச் சற்று வாங்கும் அளவுக்கு அசைய வேண்டும். இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் கூட்டும் பயிற்சி செய்ய வேண்டும். வேலையிடத்து நடையும் இந்தக் கணக்கில் சேரும். ஆனால் எட்டு மணித்தியாலம் ஒரே இடத்தில் நின்று, ஒரே கையால், ஒரே திருகாணியை முடுக்குவது அப்படியல்ல. அதில் ஒரு தோள் தேய்கிறது, மற்றத் தசைகள் உறங்குகின்றன. பயிற்சி அந்த உறங்கும் பக்கத்துக்குத்தான். கடும்பனி நாட்களில் பெரிய கடைத்தொகுதிகளுக்குள் சுற்றி நடக்கலாம். அதற்குக் காசு இல்லை. பகலில் வேலை, பின்னேரம் துப்புரவு வேலை, நடுவில் சமையல் என்று ஓடும் அக்காமாருக்கோ சில நாட்களில் ஓய்வுதான் பயிற்சி. அவர்களுக்கு அந்த அரை மணித்தியாலத்தை வீட்டிலுள்ள மற்றவர்கள் கொடுக்க வேண்டும்.

உளைவுக்கு ஊர் வைத்தியம் செய்யலாமா? வெந்நீர் ஒத்தணம், எண்ணெய் போட்டு மெதுவாகத் தடவுவது எல்லாம் ஆறுதல் தரும். புதிதாக வீங்கிய காயத்தின்மேல் மட்டும் சூடு வேண்டாம், உருவவும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் கைகாலை இழுத்து நீட்டினால் உளைவு வராது என்பதும் அவ்வளவு உண்மையல்ல. 2011இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அதனால் கிடைக்கும் குறைவு மிகச் சிறியது என்று சொல்கிறது. மாத்திரை விழுங்கிவிட்டுப் பாரம் தூக்கப் போவதோ, தாளிக்கும்போது புகை அலாரத்தின் பற்றரியைக் கழற்றி வைப்பது போன்றது. சத்தம் வராது, நெருப்பு இருக்கும்.

இனி, உளைவு என்று விட்டுவிடக் கூடாதவை. ஒரு கிழமை தாண்டியும் குறையாத நோ. வீக்கம், கண்டல். இரவில் விரல் விறைத்து நித்திரை குழம்புவது, காலையில் தேத்தண்ணிக் கோப்பை கைநழுவுவது. கொலஸ்திரோல் குளிசை தொடங்கிய பிறகு காரணமில்லாமல் உடம்பு முழுக்க உளைவது. இவற்றுக்குக் குடும்ப டொக்டரைப் பாருங்கள். குளிசையை நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் கேளுங்கள். ஒன்ராறியோவில் 811ஐ அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தாதி ஒருவரிடம் ஆலோசனை பெறலாம்.

இரண்டு விடயத்தில் ஒரு நிமிடமும் பொறுக்கக் கூடாது. பனி வழிக்கும்போதோ பயிற்சியின்போதோ நெஞ்சு இறுகி, நோ தோளுக்கும் தாடைக்கும் ஏறி, வியர்த்தால் உடனே 911. கடும் பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரி. தசை உடைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது.

கடைசியாக ஒன்று. வேலையால் வந்த காயத்தை ‘உளைவுதான், சொன்னால் வேலை போய்விடும்’ என்று மறைக்கிறவர்கள் எங்களில் பலர். ஒன்ராறியோவில் பெரும்பாலான தொழிற்சாலைகள் வேலையிடப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபையின் கீழ் வருகின்றன. காயம்பட்டால் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். வேலை ஏஜென்சி மூலம் போகிறவர்கள் ஏஜென்சிக்கும் சொல்லுங்கள். நாள், நேரம், செய்த வேலை எல்லாவற்றையும் கொப்பி ஒன்றில் குறித்து வையுங்கள். சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம்தான் அவகாசம். அகதி வழக்கு முடியாமல் வேலை அனுமதிப் பத்திரத்தோடு வேலை செய்பவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. பயமுறுத்தி விண்ணப்பத்தைத் தடுக்கச் சட்டம் முதலாளிக்கு இடம் கொடுக்கவில்லை.

ஆகவே வாசகர்களே, உளைவு என்றால் பயப்படாமல் மெல்ல நடவுங்கள். காயம் என்றால் வெட்கப்படாமல் நிறுத்துங்கள், சொல்லுங்கள். தம்பி கேட்ட கேள்விக்கு அவருடைய தொடைதான் பதில் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் நடந்து கேட்டுப் பார்த்தால் அது சொல்லும்.