ஆய்வு வயலை அடைவது எப்போது?



ஆபிரிக்காவின் உணவுப் பற்றாக்குறைக்குக் காரணம் யாது என வினவினால், உங்களுள் பலர் "வறட்சி" என ஒரே சொல்லில் விடை எழுதிவிடுகிறீர்கள். அது பிழையன்று, ஆனால் முழுமையானதுமன்று. மழை பொய்ப்பதை எவராலும் தடுக்க முடியாது. ஆனால், குறைந்த மழையிலும் விளையும் பயிரை ஆய்வாளர்களால் உருவாக்க முடியும். அதனைச் சிறு கமக்காரரின் கையில் சேர்ப்பது அரசாங்கத்தின் கடமை. இவ்விரண்டும் இணையாதபோதே பசி நீடிக்கிறது என்பது எனது கருத்து.

இணைந்தால் என்ன நடக்கும்? 1970களில் தென் அமெரிக்காவிலிருந்து தற்செயலாக வந்த வெண்மூட்டுப்பூச்சி, ஆபிரிக்காவின் மரவள்ளித் தோட்டங்களை அழித்தது. நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரென் தலைமையிலான குழுவினர், அப்பூச்சியை அழிக்கும் சிறு குளவியைப் பராகுவேயிலிருந்து பெற்று, 1981இல் வயல்களில் விடுவித்தனர். பல நாட்டு அரசாங்கங்கள் ஒத்துழைத்தமையால் குளவி கண்டமெங்கும் பரவியது, மரவள்ளி தப்பியது. கமக்காரருக்கு ஒரு சதமேனும் செலவில்லை. ஹெரெனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இனி மலாவியைப் பாருங்கள். 2005இல் அங்கு சுமார் 50 இலட்சம் மக்களுக்கு உணவு உதவி தேவைப்பட்டது. அரசாங்கம் பசளைக்கும் சோள விதைக்கும் மானியம் வழங்கியது. மழையும் கைகொடுக்க, 2007இல் அந்நாடு சோளத்தை ஏற்றுமதி செய்தது. ஆனால் 2016இல் வறட்சி வந்தபோது மீண்டும் தேசிய அனர்த்தம் பிரகடனப்படுத்த நேர்ந்தது. மானியம் வீணானது என நான் கூறவில்லை. அது மட்டும் போதாது என்கிறேன். துவரை, நிலக்கடலை போன்ற அவரையினப் பயிர்களைச் சோளத்துடன் மாற்றிப் பயிரிட்டால் மண் வளம் பெறும் என ஆய்வாளர்கள் கூறிவந்தனர். நைதரசன் பதித்தல் பற்றி விஞ்ஞான பாடத்தில் நீங்கள் கற்றதும் இதுவே. ஆயினும் பெரும்பகுதிப் பணம் பசளைக்கே சென்றது.

2003இல் மொசாம்பிக்கின் மபுட்டோ நகரில் கூடிய ஆபிரிக்கத் தலைவர்கள், வரவுசெலவுத் திட்டத்தில் 10 சதவீதத்தை விவசாயத்துக்கு ஒதுக்குவதாக உறுதியளித்தனர். பெரும்பாலான நாடுகள் அந்த இலக்கை எட்டவில்லை. என்னைப் பொறுத்தவரை, தொகையைப் போலவே அதனைச் செலவிடும் வழியும் முக்கியமானது. ஆய்வு முடிவைக் கமக்காரருக்கு விளக்கவும், அவரது அனுபவத்தை ஆய்வாளரிடம் கொண்டுசெல்லவும் விவசாயப் போதனாசிரியர்கள் கிராமந்தோறும் வேண்டும். இந்தப் பாலம் இல்லையேல் அறிக்கைகள் அலுமாரியிலேயே உறங்கும்.

இது ஆபிரிக்காவுக்கு மட்டும் உரிய பாடமன்று. 2021இல் நமது நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. விவசாய விஞ்ஞானிகளின் எச்சரிக்கை கேட்கப்படவில்லை. அவ்வாண்டு இறுதியில் தடை நீக்கப்பட்டபோதிலும் பெரும்போக விளைச்சல் வீழ்ந்தது. அதன் விலையை உங்கள் வீட்டு அடுப்படியும் அறியும்.

ஆகவே மாணவர்களே, அடுத்த முறை இவ்வினாவுக்கு விடை எழுதும்போது "வறட்சி" என்பதோடு நிறுத்தாதீர்கள். "அறிந்ததைச் செயற்படுத்தாமையும் ஒரு காரணம்" எனச் சேர்த்து எழுதுங்கள். நாளை உங்களுள் ஒருவர் ஆய்வாளராகவோ அதிகாரியாகவோ அமரும்போதும் அவ்வரியை மறவாதிருங்கள்.