சொதிப் படத்துக்கு எந்த நீதிமன்றம்?

மாப்பிள்ளைச் சொதியைப் படம் எடுப்பது லேசான காரியம் இல்லை. முதல் தேங்காய்ப்பால் ஊற்றிய பிறகு கொதிக்க விட்டால் திரிந்துபோகும். நுரை கட்டும்போதே இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, எலுமிச்சை பிழிய வேண்டும். அதற்கு மேலும் ஆறினால் ஆடை படிந்து, முருங்கைக்காயும் கேரட்டும் சுண்ணாம்புத் தண்ணீரில் மிதப்பதுபோலப் படத்தில் தெரியும். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அடுக்களையில் வெளிச்சம் போதாது. புறவாசலில் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். நடுவில் காக்கையையும் விரட்ட வேண்டும்.

அப்படி எடுத்து என் வலைப்பூவில் போட்ட படத்தை, சென்னையில் ஓர் உணவகம் தன் மெனு அட்டையில் அச்சடித்திருந்தது. அங்கே சாப்பிடப் போன உறவுக்காரப் பெண் அதைப் படம்பிடித்து அனுப்பினாள். கீழ் மூலையில் நான் போட்டிருந்த பெயரைக் கத்தரித்துவிட்டு, தங்கள் முத்திரையைப் பதித்திருந்தார்கள். கிண்ணத்தின் விளிம்பை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அது அம்மாவுக்குச் சீராக வந்த எவர்சில்வர் கிண்ணம். பாத்திரக் கடையில் வெட்டிக்கொடுத்த அம்மாவின் பெயர் மெனு அட்டையிலும் பளிச்சென்று தெரிகிறது.

தொலைபேசியில் கூப்பிட்டேன். “மேடம், நெட்ல கெடச்சுது, எடுத்தோம். உங்களுக்கும் ஒரு விளம்பரம்தானே?” என்றார் மேலாளர். பெயரை வெட்டி எறிந்துவிட்டு யாருக்கு விளம்பரம் என்று கேட்டேன். “சமையல் குறிப்புக்கெல்லாம் ஏது மேடம் காப்பிரைட்?” என்று பேச்சை மாற்றினார்.

இந்தக் கேள்வியை எல்லோரும் ஒரு கேடயமாகப் பிடிக்கிறார்கள். சொதி என்னுடையது என்று நான் எங்கே சொன்னேன்? திருநெல்வேலியில் மறுவீட்டு விருந்து வைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அது சொந்தம். பாசிப்பருப்பு இவ்வளவு, இஞ்சி இவ்வளவு என்ற கணக்கை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். கருத்துக்கு உரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்கே உரிமை என்று 1978-இல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. நான் கேட்பது நான் எடுத்த படத்துக்கும், என் வாக்கியங்களுக்கும் மட்டும்.

சட்டம் என் பக்கம்தான் இருக்கிறது, அதுவும் கொஞ்சம் தாராளமாகவே. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்தவரே அதன் ஆசிரியர். எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. நான் இறந்து 60 ஆண்டுகள்வரை அந்த உரிமை நீடிக்கும். தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியும் விட்டது. படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. ஒரு கிண்ணம் சொதிக்காக யாரும் கம்பி எண்ண வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எந்தக் காவல் நிலையமும் அப்படி நினைக்கப்போவதில்லை.

சிறை வேண்டாம், படத்தை நீக்கினால் போதும் என்று இணையத் தளங்களிடம் போகலாம். நம் சட்டத்தில் அதற்கும் வழி உண்டு. எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் அந்தப் புகாரிலேயே, மீறியவர்மீது வழக்குத் தொடுத்து 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவருவேன் என்று உறுதிமொழி தர வேண்டும். 21 நாளில் உத்தரவு! வாய்தா என்றால் என்ன என்று தெரிந்தவர் எழுதிய விதியாக இது தெரியவில்லை. வெளிநாட்டுத் தளங்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கின்றன. அதன்படி அனுப்பும் புகாரில் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து எழுதும் பெண்கள் பலர் இந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள். திருடியவர் கைக்கு நம் வீட்டு விலாசம் போய்விடுமோ என்ற பயம் வீண்பயம் என்று என்னால் அவர்களிடம் சொல்ல முடியவில்லை. மேலும், அச்சடித்த மெனு அட்டையை எந்தத் தளம் நீக்கித்தரும்?

மிச்சம் இருப்பது நஷ்டஈட்டு வழக்கு. சட்டம் இங்கேயும் ஒரு சலுகை தருகிறது. நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். ஆனால் ஓர் உணவுப் படத்துக்கு உணவகம் நியாயமாகக் கொடுக்க வேண்டியது சில ஆயிரம் ரூபாய். வக்கீலின் முதல் கட்டணமே அதைத் தாண்டிவிடும். பெரிய படத் தயாரிப்பாளர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை எங்களுக்கும் மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2022 முதல் இதற்கென்றே ஒரு சிறு மன்றம் இயங்குகிறது. மொத்தக் கட்டணம் 100 டாலர், நஷ்டஈடு 30,000 டாலர்வரை, விசாரணை இணையவழியில், வக்கீல் கட்டாயமில்லை. எதிர்த்தரப்பு விரும்பினால் வரமறுத்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்பது அதிலுள்ள ஓட்டை. அந்த ஓட்டையையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. நம்மிடமே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. நாமே வாதாடலாம், இணையத்திலேயே புகார் அளிக்கலாம். பழுதான மிக்ஸிக்குக் கிடைக்கும் இந்த வசதி, திருடுபோன படத்துக்கும் எழுத்துக்கும் கிடைக்கட்டும். தண்டனையும் எளிதாக இருக்கட்டும்: வழக்கமான கூலியைப்போல இரண்டு மடங்கு பணம், எடுத்தவர் பெயரோடு ஒரு திருத்தம்.

இப்படிச் சொன்னால், வாட்ஸ்அப்பில் ‘படித்ததில் பிடித்தது’ என்று அனுப்பும் அத்தைமார் மீதெல்லாம் வழக்குப் போடுவீர்களா என்று கேட்கிறார்கள். மாட்டேன். குடும்பக் குழுவில் என் இஞ்சித் துவையல் பெயரில்லாமல் சுற்றினால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். அதை வைத்துக் காசு பார்ப்பவரிடம்தான் என் வழக்கு. அந்த வரிசையில் ‘படம்: இணையம்’ என்று போட்டு இலவச இணைப்புகளை நிரப்பும் பத்திரிகைகளும் உண்டு. (ஆசிரியர் இந்த வரியை வெட்ட மாட்டார் என்று நம்புகிறேன்.) விக்கிமீடியா காமன்ஸில் எத்தனையோ பேர் பெயரைப் போட்டால் போதும் என்று படங்களைச் சும்மாவே கொடுக்கிறார்கள். அந்தப் பெயரையும் போடாதவர்களை என்ன சொல்வது?

கேட்டு வாங்குவது நடக்காத காரியமும் இல்லை. சிவகாசியிலிருந்து ஒரு காலண்டர் அச்சகத்தார் என் உளுந்தஞ்சோறு படத்தைக் கேட்டார்கள். விலை சொன்னேன், பேரம் பேசினார்கள், கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். பணம் வந்தது, தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் பெயரும் வந்தது.

பதிப்புரிமைச் சட்டம் பெரிய அளவில் திருத்தப்பட்டது 2012-இல். அப்போது திரைப்பாடல் எழுதுவோருக்கும் இசையமைப்போருக்கும் ராயல்டி உரிமை உறுதியானது. அவர்களுக்காகப் பேச மாநிலங்களவையில் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் உறுப்பினராகவே இருந்தார். புறவாசலில் உட்கார்ந்து படம் எடுப்பவர்களுக்கு அங்கே ஆள் இல்லை. அடுத்த திருத்தம் வருவதற்குள், நெல்லைச் சீமையின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் யாராவது இந்தச் சிறு மன்றத்தைப் பற்றி ஒரு கேள்வியாவது எழுப்பலாம்.