மகாராஜா வீட்டு விதிகள்

மும்பை அணுசக்தி நகரில் ஆங்கில எழுத்துகளுக்குத் தனி மரியாதை உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானியாகச் சேருபவர் 'சி'யில் நுழைந்து டி, இ, எஃப், ஜி என்று ஏறி 'எச்'சை எட்டுவதற்குள் தலை நரைத்துவிடும். அந்த 'எச்'சுக்கு ஒரு விமானப் பலன் இருக்கிறது. ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பின் 2017 ஜூலையில் வந்த பயணப்படி உத்தரவின்படி, சம்பள நிலை 14-ம் அதற்கு மேலும் உள்ள மத்திய அரசு அதிகாரிகள்தான் அலுவல் பயணமாக பிசினஸ் கிளாஸில் பறக்கலாம். 'எச்' என்பது அந்த 14. நிலை 6 முதல் 13 வரை எகானமி. அதற்கும் கீழே என்றால் ரயில்தான்.

பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு வருவது விமான நிலைய லவுஞ்ச். சாய்ந்து படுக்கத் தோதான நாற்காலி, சுத்தமான கழிப்பறை, பெரிய லவுஞ்ச் என்றால் குளியலறை. காலையில் இட்லி, வடை, உப்புமா. மதியமும் இரவும் பருப்பு, பனீர், பிரியாணி. வெளிநாடு செல்வோர் பகுதியில் மதுவும் உண்டு. எவ்வளவு சாப்பிட்டாலும் பில் வராது. பொட்டலம் கட்டி எடுத்துப்போகத்தான் அனுமதியில்லை. விமானம் கிளம்ப இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போதுதான் பொதுவாக உள்ளே விடுவார்கள். பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பு ஒலிப்பதில்லை. திரையைப் பார்க்காமல் கண்ணயர்ந்தவருக்காக விமானம் காத்திருப்பதும் இல்லை.

குனிந்து வணக்கம் சொல்லும் மகாராஜாவை ஏர் இந்தியாவுக்காக பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் 1946-ல் உருவாக்கினார்கள். நிறுவனத்தின் லவுஞ்சுகளும் பிற்பாடு அவர் பெயரையே தாங்கின. ஆனால் லவுஞ்ச் என்ற யோசனை அவருக்கு மூத்தது. 1939-ல் நியூயார்க் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்மிரல்ஸ் கிளப்'பைத் திறந்தது. நிறுவனம் விரும்பி அழைத்தவர்கள் மட்டுமே அதில் உட்கார முடிந்தது. பின்னாளில் அழைப்பு போய் விதிப்புத்தகம் வந்தது. 2014 ஜூலை 11 அன்று ஏர் இந்தியா 'ஸ்டார் அலையன்ஸ்' கூட்டணியில் சேர்ந்த பிறகு, மகாராஜாவின் விருந்தாளி யார் என்பதைச் சொல்வதில் கூட்டணியின் விதிகளுக்கும் பங்கு வந்துவிட்டது.

அந்த விதிகள் அரசாங்கத்தின் சம்பள நிலைகளைவிட விசித்திரமானவை. சர்வதேச அணுசக்தி முகமையின் கூட்டத்துக்காக அணுசக்தி நகரிலிருந்து ஒரு 'எச்' அதிகாரி வியன்னா கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மும்பையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக, அதே கூட்டணியைச் சேர்ந்த லுஃப்தான்சாவில் பிசினஸ் கிளாஸ். மனைவி சொந்தச் செலவில் எகானமியில் உடன் வருகிறார். லவுஞ்ச் வாசலில் அதிகாரி உள்ளே போகலாம், மனைவி போக முடியாது. பிசினஸ் கிளாஸ் பயணி விருந்தினர் யாரையும் அழைத்துச் செல்லக் கூட்டணி விதியில் இடமில்லை.

அதே விமானத்தில் எகானமியில் பறக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி ஆசாமிக்கு நிலைமை வேறு. மாதம் நான்கு முறை பறந்து 'கோல்டு' அட்டை வாங்கி வைத்திருக்கிறார். அவர் உள்ளே போகலாம். கூட ஒருவரையும் அழைத்துப் போகலாம். அந்த ஒருவரும் கூட்டணி விமானத்தில் பறப்பவராக இருந்தால் போதும். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கினால் வித்தியாசம் இன்னும் கூடும். அட்டைக்காரருக்கு லுஃப்தான்சாவின் 'செனட்டர்' லவுஞ்ச். அட்டை இல்லாத பிசினஸ் கிளாஸ் அதிகாரிக்கு அதற்கு ஒரு படி கீழான 'பிசினஸ்' லவுஞ்ச்.

நிறுவனத்தின் கணக்கில் இதில் முரண்பாடு எதுவும் இல்லை. அதிகாரியின் டிக்கெட் அரசு ஒருமுறை வாங்கியது. அடுத்த முறை வேறு நிறுவனத்தில் வாங்கலாம். அட்டைக்காரர் திரும்பத் திரும்ப வருபவர். உபசாரம் அவரைத் தக்கவைத்துக்கொள்ளத்தான். ஆக, லவுஞ்ச் என்பது விருந்தும் அல்ல, இலவசமும் அல்ல. யாரோ முன்கூட்டியே காசு கொடுத்தாயிற்று.

இந்தியாவில் இதற்கு மூன்றாவது வாசல் ஒன்றும் திறந்தது: வங்கி அட்டை. 2 ரூபாய்க்கு அட்டையைத் தேய்த்துவிட்டு வயிறாரச் சாப்பிடலாம் என்று ஆனதும் லவுஞ்ச் வாசல்களில் கல்யாணப் பந்தி போல வரிசை நீண்டது. மிச்சத் தொகையை லவுஞ்சுக்குக் கொடுக்க வேண்டிய வங்கிகள் விழித்துக்கொண்டன. 2024 ஏப்ரல் முதல் ஐசிஐசிஐ வங்கியின் பல கிரெடிட் கார்டுகளுக்கு, முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவழித்திருந்தால்தான் நுழைவு என்றாயிற்று. மற்ற வங்கிகளும் தத்தம் வரம்பை விதித்தன. போதாக்குறைக்கு, வங்கிகளுக்கும் லவுஞ்சுகளுக்கும் நடுவே இருந்த டிரீம்ஃபோக்ஸ் நிறுவனம் 2025 செப்டம்பர் 16 முதல் உள்நாட்டு லவுஞ்ச் சேவையை நிறுத்திக்கொண்டது. போன முறை திறந்த கதவு இந்த முறையும் திறக்கும் என்று நம்பிப் பட்டினியாகக் கிளம்புவது இனி புத்திசாலித்தனம் அல்ல.

இந்த மூன்று வாசல்களிலும் நுழையாமல் நிற்பவர்கள் யார்? அணுசக்தி நகரிலும் செம்பூரிலும் மாதுங்காவிலும் அவர்களை நிறையவே பார்க்கலாம். ஓய்வுபெற்ற தம்பதி. மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா போகிறார்கள். மகன் வாங்கி அனுப்பிய எகானமி டிக்கெட். நள்ளிரவுக்குப் பின் கிளம்பும் விமானம், நடுவழியில் இன்னொரு நாட்டில் ஆறு மணி நேரக் காத்திருப்பு. ஒருவருக்கு முழங்கால் வலி, மற்றவருக்குச் சர்க்கரை. சாய்ந்து படுக்கும் நாற்காலியும் அருகிலேயே கழிப்பறையும் வேளைக்குச் சூடான உணவும் இவர்களைவிட அதிகம் தேவைப்படுபவர் அந்த நிலையத்தில் இல்லை. ஆனால் டிக்கெட்டின் விலை, பறந்த தூரம், கார்டில் செய்த செலவு என மூன்றையும் அளக்கும் விதிப்புத்தகத்தில் வயதுக்கும் வலிக்கும் பத்தி இல்லை. மகனிடம் கோல்டு அட்டை இருந்தாலும் அவன் உடன் பறந்தால்தான் செல்லும். அப்போதும் அம்மா, அப்பா இருவரில் ஒருவருக்குத்தான் இடம்.

அவர்களுக்கும் சில வழிகள் உண்டு. பல லவுஞ்சுகள் கட்டணம் வாங்கிக்கொண்டு யாரையும் அனுமதிக்கின்றன. டிக்கெட் வாங்கும்போதே மகன் அதற்கும் பணம் கட்டிவிடலாம். சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடலாம். விமானம் தாமதமானால் கேட்டு வாங்க ஓர் உரிமையும் இருக்கிறது. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 2 மணி நேரமும், ஐந்து மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 3 மணி நேரமும், அதற்கு மேற்பட்டதற்கு 4 மணி நேரமும் தாமதமானால், நேரத்துக்கு வந்து செக்-இன் செய்த பயணிகளுக்கு விமான நிறுவனம் உணவு தர வேண்டும். எகானமி, பிசினஸ் என்ற பேதம் இதில் இல்லை. கேட்பவர்கள்தான் குறைவு.

லவுஞ்சை எல்லோருக்கும் திறந்துவிட முடியாது. திறந்தால் அது லவுஞ்சாக இருக்காது என்பதை வங்கி அட்டை வரிசையே காட்டிவிட்டது. செய்யக்கூடியது கதவுக்கு வெளியே இருக்கிறது. விமான நிலையத் தேநீர் விலை பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்த பின், 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் 'உடான் யாத்ரி கஃபே' திறக்கப்பட்டது. தேநீர் ரூ. 10, காபி ரூ. 20, சமோசா ரூ. 20 என்று தொடங்கினார்கள். பத்து ரூபாய்க்குத் தேநீர் விற்க முடிகிற விமான நிலையங்களில் முதியவர்கள் கால் நீட்டிப் படுக்க நான்கு வரிசை நாற்காலி போடுவதும் முடியாத காரியமல்ல. அதற்கு மகாராஜாவின் அனுமதி தேவையில்லை.